கேட்டுக்கு உள்ளே இருந்த குழந்தை

அனுப்புநர்:
லலிதா கிருஷ்ணஸ்வாமி,
அஞ்சல் துறை (ஓய்வு),
பி-704, நீல்மோஹர் ஹைட்ஸ்,
வாகட், புனே.

பெறுநர்:
குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் அவர்கள்,
நகர்ப்புற அங்கன்வாடிப் பணிகள்,
புனே.

பொருள்: அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வசிக்கும் காவலாளியின் மனைவியையும் மகளையும் அங்கன்வாடி ஊட்டச்சத்துப் பணியில் சேர்க்கக் கோருதல் – அங்கன்வாடி ஊழியர்கள் கேட்டிலேயே திருப்பி அனுப்பப்படுவது குறித்து முறையிடுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனுவைத் தமிழில் எழுதியதற்கு முதலில் பொறுத்தருள வேண்டும். தை மாதம் இங்கே நடந்த பொங்கல் விழாவில் தாங்கள் பேசியதைக் கேட்டேன். மதுரைப் பக்கத்துப் பேச்சு என்று உடனே தெரிந்தது. எனக்கு மராத்தியில் காய்கறி வாங்க வரும், மனு எழுத வராது. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படித்துப் பார்த்தால் குழாய் ரிப்பேருக்கு எழுதியது போல இருந்தது. ஆகவே தமிழிலேயே எழுதி, எங்கள் மாடியில் வசிக்கும் மராத்தி ஆசிரியை ஒருவர் மொழிபெயர்த்துக் கொடுத்த பிரதியைக் கோப்புக்காக இணைத்திருக்கிறேன். தாங்கள் படிக்க வேண்டியது இது.

1. நான் திருச்சியில் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஹிஞ்சவடியில் கணினி வேலை பார்க்கும் என் மகன் கிட்டுவுடன் சில ஆண்டுகளாக இங்கே வசித்து வருகிறேன். இதற்கு முன்பும் அரசு அலுவலகங்களுக்குப் பல மனுக்கள் எழுதியிருக்கிறேன். தெருவிளக்குக்கு ஒன்று, நாய்த் தொல்லைக்கு ஒன்று, ஒரு மழைக்காலம் முழுக்க வாயைத் திறந்துகொண்டு கிடந்த சாக்கடைக் குழிக்கு மூன்று. குடியிருப்பில் என்னை 'மனு மாமி' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியும். அந்த மனுக்களையெல்லாம் கோபத்தில் எழுதினேன். கோபத்தில் எழுதுவது சுலபம். இதை எழுத உட்கார்ந்தால் அழுகை முந்திக்கொள்கிறது. அதனால் இதை எழுதி முடிக்க இத்தனை நாளாகிவிட்டது.

2. நீல்மோஹர் ஹைட்ஸ் பெரிய குடியிருப்பு. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், நாய்கள் விளையாடத் தனி இடம் எல்லாம் உண்டு. கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடத்தின் கோடியில் தண்ணீர் மோட்டார் அறை இருக்கிறது. அதன் பின்னால், பெயின்ட் டப்பாக்கள் போட்டு வைப்பதற்காக எழுப்பிய இன்னொரு அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. அங்கேதான் கேட் காவலாளி திகம்பர், அவர் மனைவி ரேணுகா, மகள் கார்த்திகி ஆகியோர் வசிக்கிறார்கள். ஹிங்கோலி மாவட்டத்தில் மழை பொய்த்து, விதைத்ததெல்லாம் கருகிய பிறகு இங்கே வந்தவர்கள். திகம்பர் விடியற்காலையில் மோட்டார் போட்டுவிட்டு, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு இரவு வரை கேட்டில் நிற்பார். கார்த்திகிக்கு இன்னும் மூன்று வயது நிரம்பவில்லை. கட்டடத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இந்த அறையே இல்லை என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

3. கடந்த மார்ச் மாதம் எங்கள் எதிர் வீட்டில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் ப்ரியம்வதாவுக்கு இங்கேயே வளைகாப்பு நடத்தினோம். மாமியார் வீட்டார் விமானத்தில் வந்து விமானத்தில் திரும்புகிறவர்கள். ஆகவே புளியோதரை முதல் தயிர்சாதம் வரை அடுப்படி முழுக்க என் பொறுப்பில் விழுந்தது. மேலே பாத்திரம் துலக்க ரேணுகாவை அழைத்திருந்தார்கள். அவளும் அப்போது கர்ப்பமாக இருந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்ததால் அன்றுவரை எங்களில் பலருக்கு அது தெரியாது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வீட்டுக்கு வந்திருக்கும்போது வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று நான் அவளை உட்கார வைத்து, சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் அடுக்கினேன். ப்ரியம்வதாவுக்குச் சோப்பு நுரை தடவிப் போட வேண்டியிருந்த அதே அளவு வளையல்கள். ரேணுகாவின் கையில் அவை மணிக்கட்டில் நிற்கவே இல்லை. கையைத் தூக்கியதும் சரிந்து முழங்கை வரை போயின. அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத் துணி போல வெளுத்திருந்தது.

4. மறுநாளே அவளை ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ரத்தம் மிகக் குறைவாக இருப்பதாகவும், இப்படியே போனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்றும் மருத்துவர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை மட்டும் போதாது, வயிற்றில் சோறு விழ வேண்டும் என்றார். அங்கன்வாடியில் பெயர் இருக்கிறதா, சத்து மாவுப் பொட்டலம் கிடைக்கிறதா, கார்த்திகியை எடை போட்டார்களா என்று அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் ரேணுகா தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றே தலையசைத்தாள். அவள் காலையில் சாப்பிட்டது தேநீரில் தோய்த்த பாவ் ரொட்டி. மதியமும் பெரும்பாலும் அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று முதல் என் வீட்டிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு கீழே போயிற்று. ஒரு வீட்டின் கரண்டிச் சோறு அத்தனை நாள் பட்டினியை ஈடுகட்டிவிடாது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

5. அடுத்து ரேணுகாவையும் கார்த்திகியையும் கூட்டிக்கொண்டு, பழைய வாகட் ஊர்ப் பக்கம் தகரக் கூரையில் நடக்கும் அங்கன்வாடிக்குப் போனேன். அங்கே ஊழியராக இருப்பவர் ராஜஸ்ரீ. இம்மனுவில் அவர் மீது எந்தப் புகாரும் இல்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். அவர் எங்கள் குடியிருப்பின் பெயரைக் கேட்டதும் வியப்போடு கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். நீல்மோஹர் ஹைட்ஸில் பயனாளிகள் யாரும் இல்லை என்று அதில் பதிவாகியிருந்தது. பிப்ரவரி மாதக் கணக்கெடுப்பின்போது தாம் நேரிலேயே வந்ததாகவும், இங்கே அப்படிப்பட்டவர்கள் ஒருவரும் வசிக்கவில்லை என்று கேட் காவலாளி உறுதியாகச் சொல்லித் திருப்பி அனுப்பியதாகவும் அவர் கூறினார். எந்தக் காவலாளி என்று கேட்டேன். ஒல்லியாக, நெற்றியில் சந்தனக் கீற்றோடு, மரியாதையாகப் பேசுகிறவர் என்றார். சொல்லும்போதே, எங்கோ பார்த்த முகம் போல அவர் கார்த்திகியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ரேணுகா மகளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். எங்கள் கேட்டில் சந்தனம் இட்டுக்கொள்கிற காவலாளி ஒருவர்தான்.

6. அன்று மாலை திகம்பரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. நடந்ததை அவர் சொன்னபடியே தருகிறேன்.

விற்பனையாளர், நன்கொடை கேட்போர், கணக்கெடுப்போர் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று காவலர் அறையில் நிர்வாகக் குழு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் வடிகட்டி விற்க வந்தவனை உள்ளே விட்டதற்காக அவருக்கு ஏற்கெனவே சம்பளத்தில் பிடித்திருந்தார்கள். அதைவிடப் பெரிய நிபந்தனை ஒன்றும் உண்டு. அவருடைய குடும்பம் கீழே வசிப்பது வெளியாள் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் மாநகராட்சிக்காரர்கள் வருவார்கள், அறை போகும், வேலையும் போகும் என்று குழுச் செயலர் திரு. ஜெயந்த் சொல்லி வைத்திருந்தார். ராஜஸ்ரீ வந்து, கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இருக்கிறார்களா என்று கேட்டபோது, முறைப்படி கேட் செயலியில் சில வீடுகளுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார். எல்லோரும் 'மறு' என்ற பொத்தானை அழுத்திவிட்டார்கள். எங்களுக்கு வேறு டாக்டர் இருக்கிறார் என்று ஒரு வீட்டில் சொன்னார்களாம். ஆகவே திகம்பர், இங்கே எல்லாம் படே லோக், பெரிய மனிதர்கள்தான், தாயி, உங்கள் பொட்டலம் இங்கே யாருக்கும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கீழ்வேலை செய்கிறவர்கள் யாராவது உள்ளே தங்கியிருக்கிறார்களா என்று ராஜஸ்ரீ விடாமல் கேட்டிருக்கிறார். எல்லோரும் காலையில் வந்து மாலையில் போகிறவர்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

அந்த நேரத்தில் கார்த்திகி ஓடி வந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ராஜஸ்ரீ குனிந்து, கம்பிக்கு நடுவே கையை விட்டு, குழந்தையின் மேற்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்துச் சுற்றி அளந்திருக்கிறார். சிவப்பில் வருகிறது, உடம்பில் சத்தே இல்லை, இது யார் குழந்தை என்று கேட்டிருக்கிறார். வேலைக்கு வரும் பெண் ஒருத்தியின் குழந்தை, எங்கே இருக்கிறாள் என்று தனக்குத் தெரியாது என்று திகம்பர் சொல்லியிருக்கிறார். தாயிடம் சொல்லி மையத்துக்கு அழைத்து வரச் சொல்லுங்கள் என்று ராஜஸ்ரீ ராஜ்கிரா என்னும் கீரைவிதையில் செய்த ஒரு லட்டைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ரேணுகா அப்போது மோட்டார் அறைக்கு வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

அந்த லட்டைக் குழந்தை பாதி தின்றுவிட்டு மீதியை அப்பாவிடம் நீட்டியதாம். அதைச் சொல்லும்போது திகம்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. கீழே இறங்கி வரும்போது நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் அவர் தம்மிடம் ஒப்படைத்த வேலையைச் சரியாகச் செய்திருந்தார், ஐயா.

7. பெயரைச் சேர்க்கத் தாம் தயார் என்று ராஜஸ்ரீ சொன்னார். ரேணுகாவின் ஆதாரில் ஊர் முகவரி இருந்தது. அங்குள்ள அங்கன்வாடியில் பெயரை நீக்கி வர வேண்டும், அல்லது இங்கே வசிப்பதாகக் குடியிருப்பு சார்பில் ஒரு கடிதம் தர வேண்டும் என்றார். ஹிங்கோலிக்குப் பேருந்தில் போய்வரும் நிலையில் ரேணுகா இல்லை. ஆகவே செயலரிடம் கடிதம் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். அப்படி எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அவர்கள் அந்த இடத்துக்கு உரிமை கொண்டாடலாம், இல்லாத அறையில் ஆள் இருப்பதாக நாமே ஒப்புக்கொண்டது போலாகும் என்று சட்டம் பேசினார். வேண்டுமானால் எல்லோருமாகப் பணம் போட்டுப் பழங்கள் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார். எங்கள் அஞ்சல் துறையில், அரிசி ஆலைக்கு எதிரே புளியமரத்தடியில் பூக்கட்டும் செல்லம்மாவுக்கு என்று வந்த மணியார்டரைக் கூடத் தேடிப் போய்க் கொடுத்திருக்கிறோம். மரத்தடி ஒரு முகவரியாக இருக்கும்போது, மோட்டார் அறையின் பின்புறம் முகவரியாகாதா என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு முறை போனேன். காப்பி கிடைத்தது, கடிதம் கிடைக்கவில்லை. ராஜஸ்ரீ மட்டும் யாரும் வாங்காமல் மிச்சமாகும் பொட்டலம் இருந்தால் எப்போதாவது ரேணுகாவிடம் கொடுத்தனுப்புவார். அதற்காக அவர் மேல் நடவடிக்கை எதுவும் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

8. ஜூன் மாதம் பால்கி என்னும் பல்லக்கு ஊர்வலம் புனேவுக்குள் வந்த வாரம், எங்கள் குடியிருப்பின் சார்பில் சாலையோரத்தில் பந்தல் போட்டு, பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் யாத்திரிகர்களுக்கு உணவு வழங்கினோம். வாழைப்பழம், அவல் போஹா, வேர்க்கடலை லட்டு எல்லாம் கூடை கூடையாக வந்து இறங்கின. புண்ணியத்தை நான் குறை சொல்லவில்லை, நானும் நின்று பரிமாறியவள்தான். முந்தின நாள் பொட்டலம் கட்ட ரேணுகாவையும் அழைத்திருந்தார்கள். உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அன்றே மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடுகிற அளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மூச்சு நின்றுவிட்டது. இங்கே பன்னிரண்டாம் நாள்தான் தொட்டிலில் போட்டுப் பெயர் வைப்பார்கள். ஆகவே அந்தக் குழந்தைக்குப் பெயர் இல்லை. இம்மனுவில் அதன் பெயரைக் குறிப்பிட இயலாமைக்கு வருந்துகிறேன்.

திகம்பருக்கு விடுப்புக் கொடுத்தார்கள். ஆனால் ஊர்வல வாரத்தில் மாற்றுக் காவலாளி கிடைக்காததால் ஒரு நாளிலேயே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் கேட்டில் நின்று, உள்ளே வரும் கார்களுக்கு வழக்கம் போல் சலாம் வைத்தார். நடந்தது பல பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி வருத்தம் சொன்னார்கள்.

9. மருத்துவர்கள் பல காரணங்கள் சொன்னார்கள். சத்தான உணவு நேரத்துக்குக் கிடைத்திருந்தால் குழந்தை நிச்சயம் பிழைத்திருக்கும் என்று நான் சாதிக்கவில்லை. எனக்கு அந்தப் படிப்பு இல்லை. ஆனால் பிப்ரவரியிலேயே உங்கள் ஊழியர் கேட் வரை வந்துவிட்டார். கையில் நாடாவும் பையில் உணவும் வைத்திருந்தார். 

இப்போது ரேணுகாவின் நிலை மேலும் மோசமாகியிருக்கிறது. ரத்தக் குறைவு அப்படியே இருக்கிறது. பிள்ளை போன பிறகும் பல நாள் பால் சுரந்து, துணி நனைந்து, காய்ச்சலில் கிடந்தாள். அங்கன்வாடியில் விசாரித்தபோது, கர்ப்பிணி என்ற பிரிவிலும் சேராது, பாலூட்டும் தாய் என்ற பிரிவிலும் சேராது, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறினார்கள். பதில் இன்னும் வரவில்லை. கார்த்திகி மாடிப்படியில் ஏறி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். வரும் வழியில் இரண்டு மாடிக்கு ஒரு தடவை உட்கார்ந்துவிடுகிறாள். லிஃப்டில் ஏற அவளுக்கு அனுமதி இல்லை. அவள் வயதுக் குழந்தைகள் எங்கள் விளையாட்டுத் திடலில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு இவளைப் பார்க்க என்னால் முடியவில்லை. தம்பியை இழந்த வீட்டில் இவளும் வாடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இப்போதுள்ள ஒரே பயம் இவளைப் பற்றியதுதான்.

10. ஆகவே தங்களிடம் நான் கேட்பவை:

அ. கார்த்திகியை உடனடியாக எடை போட்டு, அங்கன்வாடியில் சேர்த்து, தேவைப்பட்டால் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும். வசிப்பிடச் சான்றுதான் தடை என்றால் என் வீட்டு எண்ணையே அவளுடைய முகவரியாக எழுதிக்கொள்ளுங்கள். கடிதம் இணைத்திருக்கிறேன். என் மகனும் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறான்.

ஆ. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் உடம்பு தேறும் வரை உணவும் மருந்தும் கிடைக்க வழி செய்ய வேண்டும். அவளுக்கு உங்கள் பதிவேட்டில் கட்டம் இல்லை என்றால் ஒரு கட்டம் போடும்படி மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

இ. இந்தப் பகுதியில் இது போன்ற குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மோட்டார் அறை இருக்கிறது, மாடிப்படியின் அடிப்புறம் இருக்கிறது, இஸ்திரி போடும் கொட்டகை இருக்கிறது. அங்கெல்லாம் யார் வசிக்கிறார்கள் என்று கேட்டில் நிற்பவரிடம் கேட்டுக் கணக்கை முடிக்காமல், ஊழியர்கள் உள்ளே போய்ப் பார்க்க ஆணையிட வேண்டும். பெரிய மனிதர்கள் வசிக்கும் இடம் என்று எழுதி எந்தக் கட்டடத்தையும் விட்டுவிடக்கூடாது.

ஈ. அங்கன்வாடி ஊழியரைத் தடுக்கக்கூடாது என்றும், உண்மையைச் சொன்னதற்காகத் திகம்பரின் வேலைக்கோ தங்குமிடத்துக்கோ தீங்கு வரக்கூடாது என்றும் எங்கள் நிர்வாகக் குழுவுக்கு எழுத்து மூலம் உத்தரவு அனுப்ப வேண்டும். இம்மனுவால் எனக்கு வரும் பேச்சை நான் பார்த்துக்கொள்வேன்.

இந்தக் கடைசி வேண்டுகோள் சிறியது என்று தாங்கள் நினைத்துவிடக்கூடாது. போன வாரம் திகம்பர் என்னிடம், அந்த அங்கன்வாடித் தாயி மறுபடியும் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் காகூ என்று கேட்டார். திறந்து விடுங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நோட்டீஸ் இன்னும் காவலர் அறையில் ஒட்டித்தான் இருக்கிறது. வேலை போனால் மூன்று பேரும் தெருவில் நிற்பார்கள். உத்தரவு வரும் முன்பு உங்கள் ஊழியர் வந்தால், அவர் இந்த முறையும் தடுப்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கார்த்திகி நின்றால், வேலைக்கு வரும் பெண் ஒருத்தியின் குழந்தை என்று இந்த முறையும் சொல்வார். அதை அவர் வாயால் இன்னொரு தடவை சொல்ல வைத்துவிடாதீர்கள், ஐயா.

இடம்: வாகட், புனே
நாள்: 19 ஆகஸ்ட் 2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
லலிதா கிருஷ்ணஸ்வாமி

இணைப்பு: மராத்தி பிரதி, மருத்துவமனைச் சீட்டுகளின் நகல்கள், முகவரிக்கான ஒப்புதல் கடிதம்.